விம்மெராவில் ஒரு பந்தய நாள்

"குதிரைப் பந்தயமா கண்ணு?" என்று கேட்ட அப்பா, அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நெட் போய்விட்டதோ என்று ஃபோனைப் பார்த்தேன். படம் அசைந்துகொண்டுதான் இருந்தது. பின்னால் முறத்தோடு நின்ற அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் ரேஸ் என்றால் ஒரே அர்த்தம்தான். தாத்தாவின் தம்பி சென்னைக்கு வேலைக்குப் போனவர், ரேஸ் பழக்கம் பிடித்து, பவானிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு ஏக்கர் வாய்க்கால் பாசன நிலத்தை விற்றார். தமிழ்நாட்டில் 1974-லேயே குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், இது சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. எங்கள் வீட்டில் அந்தத் தீர்ப்பை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. நிலம் போனது போனதுதான். அதனால், ஆஸ்திரேலியாவில் ஒரு சிற்றூரின் பந்தய நாளுக்கு ஆள் சேர்க்கும் வேலைக்கு எட்டு வாரம் போகிறேன் என்று நான் சொன்னபோது அப்பா மௌனமானதில் தப்பே இல்லை.

மெல்பர்னில் மக்கள் தொடர்பு முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். படிப்பின் கட்டாயப் பகுதியாக ஒரு பயிற்சி உண்டு. உடன் படித்தவர்கள் நகரத்து ஏஜென்சிகளுக்கு முட்டி மோதினார்கள். நானும் மோதினேன், கிடைக்கவில்லை. விக்டோரியா மாநிலத்தின் மேற்கே, விம்மெரா பகுதியில் இருக்கும் ஒரு பந்தய கிளப்பிடமிருந்துதான் பதில் வந்தது. மெல்பர்னிலிருந்து காரில் நான்கு மணி நேரம். கோதுமை, கனோலா, மைசூர்ப் பருப்பு விளையும் தட்டை நிலம். தானியக் கிடங்குகள்தான் அங்கே கோபுரம் மாதிரி தூரத்திலிருந்து தெரியும்.

சம்பளம் கிடையாது. இதைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் சம்பளமில்லாத பயிற்சி சட்டப்படி செல்ல வேண்டுமென்றால், பொதுவாக அது நீங்கள் படிக்கும் படிப்பின் பகுதியாக இருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் ஃபேர் வொர்க் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. "சும்மா வந்து மூன்று மாதம் வேலை பழகு, அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு நிறுவனம் கூப்பிட்டால் போகாதீர்கள். மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பு வேறு இருக்கிறது. என் பயிற்சி அந்த வரம்பில் சேராது என்று பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்த பிறகுதான் பெட்டி கட்டினேன். வாய்ச்சொல்லை நம்பி விசாவைப் பணயம் வைக்கக்கூடாது.

கிளப் என்றதும் பெரிதாக நினைத்துப் போனேன். அங்கே ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் பந்தயம். வெள்ளை வேலி போட்ட ஒரு வட்டத் தடம், தகரக் கூரை போட்ட ஒரு பார்வையாளர் மாடம், குதிரை லாயங்கள், ஒரு சமையல் கொட்டகை, அவ்வளவுதான். கமிட்டியில் விவசாயிகளும் பள்ளி ஆசிரியை ஒருவரும் டயர் கடைக்காரரும் இருந்தார்கள். எல்லோரும் சம்பளமில்லாமல் செய்கிறவர்கள். என் மேற்பார்வையாளர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்மணி. அவர் அந்த வட்டாரத்தில் இன்னும் மூன்று கிளப்புகளின் விளம்பர வேலையையும் காரில் அலைந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் அவர் என்னிடம் ஒரு கணக்கைப் போடச் சொன்னார். எட்டுப் பந்தயம். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஓடும்? 1200 மீட்டர் என்றால் ஒரு நிமிடமும் பத்துப் பதினைந்து விநாடியும். 2000 மீட்டர் என்றால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். எட்டையும் கூட்டினால் பன்னிரண்டு நிமிடம் வரும். ஆனால் ஜனங்கள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் அங்கே இருக்கப்போகிறார்கள். "மீதி நேரத்துக்குத்தான் அவர்கள் வருகிறார்கள். அதைப் பற்றித்தான் நீ எழுத வேண்டும்" என்றார்.

எனக்குச் சட்டென்று அந்தியூர் ஞாபகம் வந்தது. ஆடி மாதம் குருநாதசாமி கோவில் தேருக்கு எங்கள் பக்கத்து ஜனம் முழுக்கப் போகும். பெரிய குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடும். மார்வாரிக் குதிரைகளைத் தொட்டுப் பார்க்க அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். அங்கே வருகிறவர்களில் எத்தனை பேர் குதிரை வாங்குகிறார்கள்? உறவுக்காரர்களைப் பார்க்க, பொரி கடலை வாங்க, பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்ற, போன வருடம் பேசி விட்ட சம்பந்தத்தை மறுபடி பேசத்தான் போகிறார்கள். விம்மெரா பந்தய நாளும் அதே மாதிரிதான். அறுவடைக்கு முந்தைய சனிக்கிழமை. அடுத்த ஆறு வாரம் யாரும் யாரையும் பார்க்க முடியாது. மெல்பர்னுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் அந்த ஒரு நாளுக்காக ஊர் திரும்புவார்கள். கார் நிறுத்தும் கட்டணம் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு, கேக் விற்ற காசு பள்ளிக்கு, பீர் விற்ற லாபத்தில் ஒரு பங்கு கால்பந்து கிளப்புக்கு.

இது புரிந்த பிறகும் என் முதல் செய்திக் குறிப்பு படுதோல்விதான். "ஆண்டின் மாபெரும் கொண்டாட்டம்", "மறக்க முடியாத அனுபவம்" என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் பேனாவை எடுத்து, எந்த ஊருக்கும் எந்த விழாவுக்கும் பொருந்தும் வாக்கியங்களை எல்லாம் அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் தேதியும் நுழைவுக் கட்டணமும் மிஞ்சின. "இதில் ஆள் யாருமே இல்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அடுத்து, பந்தயத்துக்கு வரும் ஒரு பெண் ஜாக்கியை, அதாவது பந்தயக் குதிரை ஓட்டுபவரை, பற்றி எழுதலாம் என்று உள்ளூர் வாரப் பத்திரிகையின் ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். பத்திரிகை மொத்தத்துக்கும் அவர் ஒருவர்தான். செய்தி, படம், விளம்பரம் எல்லாம் அவரே. "2015-ல் மிஷெல் பெய்ன் மெல்பர்ன் கோப்பையை ஜெயித்தபோது அது உலகச் செய்தி. இன்றைக்குப் பெண் ஜாக்கி என்பது மட்டும் செய்தி ஆகாது. நம்ம ஊர்ப் பொண்ணா சொல்லு, முதல் பக்கம் தருகிறேன்" என்றார். அந்த ஜாக்கி நானூறு கிலோமீட்டர் தள்ளி வேறு ஊர். கதை அங்கேயே முடிந்தது. எனக்கு வியப்பாக இருப்பது எல்லாம் வாசகருக்குச் செய்தி இல்லை என்று அன்றைக்குப் படித்துக்கொண்டேன்.

ஆள் கிடைத்தது மூன்றாவது வாரம். தடத்தின் வேலிக்கு வெள்ளையடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினார்கள். இதற்கு அங்கே வொர்க்கிங் பீ என்று பெயர். ஊர் கூடிச் செய்யும் வேலை. எனக்கும் ஒரு பிரஷ் கொடுத்தார்கள். எனக்கு அடுத்த கம்பத்தில் எண்பதைத் தாண்டிய ஒரு தாத்தா வேலை செய்தார். தேநீர் இடைவேளையில் தன் பிக்கப் வண்டியின் டேஷ்போர்டிலிருந்து கறுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்து, அன்று காலை மழைமானியில் இருந்த அளவை எழுதினார். எட்டிப் பார்த்தேன். அவருடைய அப்பா ஆரம்பித்த நோட்டு அது. பழைய பக்கங்களில் மழை 'பாயின்ட்' கணக்கில் இருந்தது, நூறு பாயின்ட் ஓர் அங்குலம். 1970-களுக்குப் பிறகு மில்லிமீட்டர். வருடத்துக்கு ஒரு வரியின் கீழ் மட்டும் சிவப்புக் கோடு இழுத்திருந்தது. அவை பந்தய நாட்கள். மழை, தடத்தின் நிலை, அதற்குப் பக்கத்தில் இரண்டு மூன்று வார்த்தை. ஒரு வருடம் 'தூசி, அம்மா வரவில்லை' என்று இருந்தது. அதற்கடுத்த வருடங்களில் அம்மா என்ற சொல்லே இல்லை.

நானும் மழைமானி வைத்த வீட்டுப் பிள்ளைதான். மஞ்சள் போட்ட வருடங்களில் அப்பா மேகத்தையே பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்த நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கையில் இருந்த வெள்ளைப் பெயின்ட் அட்டையில் பட்டுவிட்டது. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும், இந்த வருடத்துக்கு அடையாளம்" என்றார்.

அவருடைய அனுமதியோடு அதைத்தான் எழுதினேன். முந்நூறு வார்த்தை. முதல் வரியில் நோட்டு, இரண்டாவது வரியில் தாத்தா. பந்தய நாளின் தேதி நான்காவது பத்தியில்தான் வந்தது. பத்திரிகை மூன்றாம் பக்கத்தில் பெரிய படத்தோடு போட்டது. பிரதேச வானொலியிலிருந்து மறுநாளே கூப்பிட்டார்கள்.

சின்ன ஊர்ப் பத்திரிகைக்கு எப்படி அனுப்புவது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எந்த வகுப்பிலும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. செய்தியை மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டுங்கள். பி.டி.எஃப். அனுப்பினால் அந்த ஒற்றை ஆள் அதைப் பிரித்து எடுக்க உட்கார வேண்டும். படம் அகலவாக்கில், சுருக்காத முழு அளவில், மேலே லோகோ எதுவும் இல்லாமல். படத்தில் இருப்பவர்களின் பெயர் இடமிருந்து வலமாக, எழுத்துப் பிழை இல்லாமல். ஊரில் ஒருவர் பெயரைத் தப்பாக அச்சடித்தால் பத்து வருடத்துக்குப் பேசுவார்கள். புதன்கிழமை வரும் பத்திரிகைக்குத் திங்கள் நண்பகல்தான் கெடு. திங்கள் மாலை என்றால் அடுத்த வாரம்தான். குழந்தைகள் படத்தில் இருந்தால் பெற்றோர் கையெழுத்து.

வானொலி வேறு மாதிரி. ஏபிசி ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனம், அங்கே விளம்பரத்துக்கு இடமில்லை. டிக்கெட் விலையைச் சொல்லிச் சொல்லி விற்க முடியாது. மனிதர்களைப் பேச விடுவார்கள். எங்கள் கிளப் தலைவர் டிராக்டரில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் பேசுவார், மைக்கைப் பார்த்தால் வாய் கட்டிவிடும். அவரைச் சமையல் கொட்டகையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, நானே கேள்வி கேட்டு மூன்று நாள் பழக்கினேன். எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. மூன்று விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும், மீதியை உங்கள் இஷ்டத்துக்குப் பேசுங்கள் என்றேன். அவர் இரண்டை மறந்துவிட்டார். ஆனால் தன் மனைவியை அந்த மாடத்தின் கீழேதான் முதலில் பார்த்ததாகச் சொன்னார். அதைக் கேட்டு டிக்கெட் வாங்கியவர்கள் எங்களிடமே வந்து சொன்னார்கள்.

பந்தயம் கட்டுவதைப் பற்றி முதல் வாரமே மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டேன். தாத்தாவின் தம்பி கதையைச் சொன்னேன். இந்த நாளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுகிறேன், 'பணம் கட்டு, ஜெயி' என்ற தொனியில் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது. பயிற்சி போய்விடுமோ என்ற பயம் இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு, "சொன்னது நல்லது. நான்காவது வாரம் சொல்லியிருந்தால்தான் சிக்கல்" என்றார். உங்களுக்கு ஒரு எல்லை இருந்தால் முதல் நாளே, வேலை ஒதுக்கும் முன்னாடியே சொல்லிவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் 2023 மார்ச் கடைசியிலிருந்து ஆன்லைன் பந்தய நிறுவனங்களின் விளம்பரங்களில் அரசு வகுத்த எச்சரிக்கை வாசகங்களைப் போட வேண்டும். அதில் ஒன்று, 'பெரும்பாலும் நீங்கள் தோற்கத்தான் போகிறீர்கள்' என்ற பொருளில் வரும். அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். "அதையே பெரிசா எழுதி வாசல்ல மாட்டச் சொல்லு கண்ணு" என்றார்.

ஊரில் நடக்க நடக்க இன்னொன்று கண்ணில் பட்டது. மருத்துவமனையில் கேரளத்து நர்சுகள் இருந்தார்கள். முதியோர் இல்லத்தில் நேபாளத்துப் பெண்கள். பெட்ரோல் பங்கில் ஒரு பஞ்சாபிக் குடும்பம். இரண்டு மூன்று வருடமாக அந்த ஊரிலேயே இருக்கிறார்கள், ஒருவரும் பந்தய நாளுக்குப் போனதில்லை. ஏன் என்று கேட்டேன். அதெல்லாம் பந்தயம் கட்டுகிறவர்களுக்கு, தொப்பி போடத் தெரிந்தவர்களுக்கு, குடிக்கிறவர்களுக்கு என்றார்கள். கமிட்டி யாரையும் ஒதுக்கவில்லை. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாத விஷயங்களை யாரும் எழுதி வைத்ததில்லை, அவ்வளவுதான். போஸ்டரைப் பார்த்தால் எனக்கே அது எனக்கான அழைப்பாகத் தெரியவில்லை.

அதனால் 'முதல் முறை வருகிறீர்களா?' என்று ஒரே ஒரு பக்கம் எழுதினேன். குதிரை மேல் பணம் கட்டியே ஆக வேண்டுமா? இல்லை. என்ன உடுத்துவது? சுத்தமாக எது இருந்தாலும் சரி, சேலையும் சரி. வீட்டுச் சாப்பாடு கொண்டு வரலாமா? வரலாம், மது மட்டும் உள்ளே கொண்டு வர முடியாது. பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? குச்சிக் குதிரைப் பந்தயம், முயல் குட்டிகள். குதிரைகளை எங்கிருந்து கிட்டத்தில் பார்க்கலாம்? எந்த இடத்தில் அமைதியாக இருக்க வேண்டும்? கழிப்பறை எங்கே? நிழல் எங்கே? மேற்பார்வையாளர் படித்துவிட்டு, "இதில் பாதி எனக்கே இப்போதுதான் தோன்றுகிறது" என்றார். எட்டு வாரத்தில் நான் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான். செய்திக் குறிப்புகளை விட இந்தப் பக்கம்தான் கைமாறிக் கைமாறிப் போனது. ஒரு விழாவுக்கு ஆள் சேர்க்கும் வேலையில் இருப்பவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு யோசனை இருக்கிறது என்றால் அது இதுதான். எப்படியும் வரப்போகிறவருக்கு எழுதுவதை விட்டுவிட்டு, இது நமக்கானது இல்லை என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எழுதுங்கள்.

அப்புறம், என் தவறு. பக்கத்து ஊரிலிருந்தும் மருத்துவமனை வாசலிலிருந்தும் பந்தயத் திடலுக்கு ஒரு பஸ் விடுவார்கள். அதற்கான நோட்டீஸை நான்தான் தயார் செய்தேன். போன வருட ஃபைலைத் திறந்து, தேதியை மாற்றி, படத்தை மாற்றி, அச்சுக்கு அனுப்பினேன். பஸ் நேரம் 12 மணி என்று அப்படியே இருந்துவிட்டது. போன வருடம் முதல் பந்தயம் ஒரு மணிக்கு. இந்த வருடம் ஒரு பந்தயம் கூடுதலாக இருந்ததால் 12.20-க்கே ஆரம்பம். நானூறு நோட்டீஸ் வெளியே போய்விட்டது. கண்டுபிடித்தது கமிட்டி இல்லை, நானும் இல்லை. மருத்துவமனை நர்ஸ் ஒருவர் ஃபோன் செய்தார். "உங்கள் பக்கத்தில் முதல் பந்தயம் 12.20 என்று போட்டிருக்கிறீர்கள். பஸ் நேரத்தைப் பார்த்தால் அதற்கு வந்து சேர முடியாதே அக்கா?" என்று கேட்டார். வயிற்றைக் கலக்கியது.

மேற்பார்வையாளர் சத்தம் போடவில்லை. "எங்கெங்கே எத்தனை போனது?" என்று மட்டும் கேட்டார். அதிர்ஷ்டவசமாக நோட்டீஸ் கொடுத்த இடங்களை எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். பேக்கரியில் அறுபது, மருத்துவமனையில் ஐம்பது, பக்கத்து ஊர் பப்பில் நாற்பது என்று. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தும் காரிலும் போய், கிடைத்தவற்றில் எல்லாம் 11.15 என்று கையால் திருத்தினேன். கிடைக்காதவற்றுக்காக வானொலியிலும் பள்ளிச் செய்தி மடலிலும் திருத்தம் போட்டோம். பன்னிரண்டு மணிக்கு வந்து நிற்பவர்களுக்காகக் கமிட்டி ஒரு வேனை ஏற்பாடு செய்தது. பந்தய நாளன்று அந்த வேனில் ஒன்பது பேர் வந்தார்கள்.

அன்றிலிருந்து ஒரே ஒரு தாளில் எல்லா உண்மைகளையும் எழுதி வைக்கும் பழக்கம் வந்தது. தேதி, வாயில் திறக்கும் நேரம், முதல் பந்தயம், கடைசிப் பந்தயம், பஸ், கட்டணம், பொறுப்பாளர் எண். எதை எழுதினாலும் அந்தத் தாளிலிருந்துதான் எடுக்க வேண்டும். எழுதி முடித்ததும் என்னைத் தவிர இன்னொருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் பப்பில் ஒரு ஏலம் நடந்தது. அதன் பெயர் கல்கத்தா. போஸ்டரில் பார்த்தபோது யாரோ இந்திய விருந்து வைக்கிறார்கள் என்று நினைத்தேன். ஓடப்போகும் குதிரைகளின் பெயரை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவருக்குக் குதிரை கிடைக்காது. அந்தக் குதிரை ஜெயித்தால் சேர்ந்த தொகையில் ஒரு பங்கு கிடைக்கும். வெள்ளைக்காரர் காலத்துக் கல்கத்தாவிலிருந்து போன பழக்கம், பெயரும் கூடவே போயிருக்கிறது. எங்கிருந்தோ வந்த எனக்கு அந்த மேஜையில் ஒரு சம்பந்தம் இருப்பது போலத் தோன்றியது. ஆனாலும் அந்த ஏலத்தைப் பற்றி நான் எழுதவில்லை. சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே.

கிளப்பின் ஃபேஸ்புக் பக்கத்தில் குதிரைகளுக்கு நடக்கும் கொடுமையைப் பற்றி ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். கமிட்டியில் ஒருவர் அழித்துவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகள் இறைச்சிக் கூடத்துக்குப் போவதை 2019-ல் ஏபிசி தொலைக்காட்சி காட்டியபோது நாடே அதிர்ந்தது. அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அன்றைக்குத் திடலில் இருக்கப்போகும் கால்நடை மருத்துவரிடம் போய் அரை மணி நேரம் பேசினேன். ஓடும் முன் எந்தக் குதிரையைப் பார்ப்பார், யார் சொன்னால் ஒரு குதிரையை விலக்க முடியும், கடைசி நூறு மீட்டருக்கு முன் ஐந்து தடவைக்கு மேல் சாட்டை வீசக்கூடாது என்ற விதியை யார் கவனிப்பார் என்று கேட்டு எழுதி, ஒரே ஒரு முறை பதில் போட்டேன். அதற்கு மேல் வாதம் செய்யவில்லை. அவர் சமாதானம் ஆகவில்லை, எனக்கும் முழுச் சமாதானம் இல்லை. தெரிந்ததைத் தெரிந்த மாதிரி சொல்வதுதான் அந்த இடத்தில் செய்யக்கூடியது என்று நினைக்கிறேன்.

வியாழன் இரவு மழை பிடித்தது. தகரக் கூரை மேல் விழுந்த சத்தத்தில் தூக்கமே வரவில்லை. வெள்ளி காலை ஆறு மணிக்குத் தாத்தாவுக்குத்தான் முதலில் ஃபோன் செய்தேன். 28 மில்லிமீட்டர் என்றார். அதற்குள் ஃபேஸ்புக்கில் 'பந்தயம் ரத்தாம்' என்று யாரோ போட்டுவிட்டார்கள். மேற்பார்வையாளர் காரில் வந்துகொண்டே ஃபோனில் சொன்னார்: "1882-லிருந்து நடக்கும் பேர்ட்ஸ்வில் பந்தயமே 2010-ல் மழையால் நின்றிருக்கிறது. நின்றாலும் நிற்கலாம். நடக்கும் என்றும் சொல்லாதே, நடக்காது என்றும் சொல்லாதே. என்ன தெரியும், என்ன தெரியாது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு, இந்த மூன்றை மட்டும் போடு."

ஏழு மணிக்குப் போட்டேன். '28 மி.மீ. மழை பெய்திருக்கிறது. 9.30-க்கு அதிகாரிகள் தடத்தைச் சோதிப்பார்கள். முடிவு இன்னும் எடுக்கவில்லை. 10 மணிக்கு இதே இடத்தில் சொல்கிறோம்.' வதந்தி போட்டவரே அதன் கீழே அதைப் பகிர்ந்தார். அதிகாரி பெனட்ரோமீட்டரை, நிலத்தில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கும் கருவியை, தடம் முழுக்க ஊன்றி ஊன்றி நடந்தார். நான் குடையோடு பின்னாலேயே நடந்தேன். ஹெவி 8 என்றார். கனத்த ஈரம், ஆனால் ஓடலாம். சரியாகப் பத்து மணிக்கு அதைப் போட்டோம். சொன்ன நேரத்துக்குச் சொல்வது முக்கியம். ஐந்து நிமிடம் தள்ளினாலும் அந்த இடத்தை வதந்தி எடுத்துக்கொள்ளும். வயலில் கார் நிறுத்தினால் புதைந்துவிடும் என்று கால்பந்து மைதானத்துக்கு மாற்றினார்கள், அதையும் சொன்னோம். உடை அலங்காரப் போட்டியில் ரப்பர் பூட்ஸுக்கென்று ஒரு பரிசையும் சேர்த்தார்கள்.

அன்று மாலை உட்கார்ந்து நாங்கள் எழுதிய ஒரு தாளைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியாது. ஜாக்கி விழுந்தால் யார் பேசுவது, யாரிடம் முதலில் சொல்வது, ஒலிபெருக்கியில் என்ன சொல்லலாம், படம் எடுப்பவர்களை எங்கே நிறுத்துவது என்று. குடும்பத்துக்குத் தெரிவிக்கும் வரை பெயர் எந்த வாயிலிருந்தும் வரக்கூடாது என்பது அதில் முதல் வரி. ஈரத் தடத்தில் அந்தத் தாளை எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது. அது பையிலேயே இருந்து, பையிலேயே வீடு திரும்பியது.

சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை, நான் எதையும் முழுதாகப் பார்க்கவில்லை. ஸ்பான்சரோடு படம், பரிசுப் பட்டை, காணாமல் போன ஒரு குழந்தை, ஒலிபெருக்கிக்குப் புதிய பேட்டரி என்று ஓடிக்கொண்டே இருந்தேன். ஆறாவது பந்தயத்தின்போது மட்டும் வேலியோரம் நின்றேன். நான் வெள்ளையடித்த கம்பம் எங்கே என்று தேடினேன். குதிரைகள் கடக்கும்போது காது கேட்பதற்கு முன்னால் உள்ளங்காலில் அதிர்ந்தது. சேறு முகத்தில் தெறித்தது. எனக்குப் பக்கத்தில் கசவுப் புடவையும் ரப்பர் பூட்ஸுமாக ஃபோன் செய்த அந்த நர்ஸ் நின்றிருந்தார், இடுப்பில் பிள்ளை. பிள்ளை கையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

ஞாயிறு காலை குப்பை பொறுக்கினோம். திங்களன்று அறிக்கை எழுதினேன். எந்தச் செய்தி எங்கே வந்தது, எந்த வழியாக டிக்கெட் போனது, எதைச் செய்திருக்கத் தேவையில்லை என்று. அடுத்த வருடம் வரும் பயிற்சியாளருக்கு அந்த உண்மைத் தாளின் காலிப் படிவத்தையும், திங்கள் நண்பகல் கெடுவையும், நோட்டீஸ் கொடுத்த இடங்களின் பட்டியலையும் ஒரு கோப்பில் வைத்தேன். பஸ் நேரத் தவறையும் மறைக்காமல் எழுதினேன்.

கிளம்பும் நாளில் தாத்தா நோட்டைக் காட்டினார். சிவப்புக் கோட்டுக்கு மேல் அந்த வருட வரி: 'வியாழன் 28. ஹெவி 8. எட்டும் ஓடியது. எல்லாக் குதிரையும் வீடு போனது.' அனுமதி கேட்டுப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். இரவு அவரே கூப்பிட்டார். பந்தயத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"இருவத்தெட்டுங்கறது ஒரே ராத்திரியிலயா கண்ணு?"

"ஆமாங்கப்பா."

"நல்ல மழைதான்," என்றார். "அறுப்புக்கு முன்னால பெய்ஞ்சிருக்கு. பயிரு சாயாம இருந்துச்சா?"